குடிக்கிற தண்ணிக்கா காசு?

56 ஏ.பி.ஓ.
18-6-1971

அம்சாவுக்கு,

தேவநாதன் எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொர்ணா ஸ்கூலுக்கு அழாமல் போகிறாளா என்று எழுது.

இருக்கிற இடத்தின் பேரை எழுதக் கூடாது. வங்காள எல்லைப் பக்கம் என்று வைத்துக்கொள். எங்கள் பட்டாள வண்டிகளில் சிலதை அகதிகள் கேம்புக்குத் தண்ணீர் கொண்டுபோக விட்டிருக்கிறார்கள். என் டேங்கரும் அதில் ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. மழை வேறு பிடித்துக்கொண்டது. இருக்க இடமில்லாமல், சாக்கடை போடுவதற்காக இறக்கி வைத்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாகக் கிடக்கிறார்கள். ஒரு குட்டை இருக்கிறது. அதில்தான் துணி அலசுகிறார்கள், அதன் கரையில்தான் ஒதுங்குகிறார்கள், நாங்கள் வரத் தாமதமானால் அதையேதான் மொண்டு குடிக்கிறார்கள்.

முந்தாநாள் காலையில் ஒருத்தர் பித்தளைக் குடத்தோடு வந்தார். கூட ஒரு பெண் குழந்தை, நம் சொர்ணா வயதுதான். டேங்கர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. சாயந்திரம் மறுபடி தண்ணீரோடு போனபோது அவர் மட்டும் வந்தார். குழந்தை எங்கே என்று கையால் கேட்டேன். அவரும் கையால்தான் சொன்னார்.

வாந்தி பேதி, அம்சா. காலையில் நடந்து வந்த ஆள் சாயந்திரம் இல்லை.

அதிலிருந்து நம் தெருக் கிணறு கண்ணிலேயே நிற்கிறது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. கிழக்கே இடிந்து கிடக்கிறது. துவைக்கிற தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே வழிகிறது. போதாததற்குத் தங்கதுரை அண்ணன் புதிதாகக் கட்டின கக்கூசு, கிணற்றுக்கு ஒரு வீட்டு நீளம்கூடத் தள்ளி இல்லை. வெறும் மண் குழி. ஐப்பசி மழை வந்தால் அந்தக் குழி எங்கே போய் வடியும்?

தண்ணீரைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்காதே. தெருவில் நாலு பேரிடம் பேசு. வீட்டுக்குக் கொஞ்சம் போட்டால் சுவரை எழுப்பி, தளம் போட்டு, மூடி போட்டு, கழிவுத் தண்ணீருக்கு வழி செய்துவிடலாம். அப்புறம் மாசா மாசம் ஏதோ கொடுத்தால் மருந்துப் பொடி வாங்கிப் போடலாம். கக்கூசைத் தள்ளிக் கட்டச் சொல். மழைக்குள் முடியவேண்டும்.

தேவநாதன்

விருத்தாசலம்
3-7-1971

சொர்ணா அப்பாவுக்கு,

உங்க கடுதாசி வந்துது. படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கொழந்தைய நெனச்சிட்டே ஒக்காந்திருந்தேன். அப்புறம் பானையில இருந்த தண்ணிய எல்லாம் கொல்லையில ஊத்திட்டேன். இப்ப காய்ச்சிதான் கொடுக்குறேன். பொகை நாத்தம் அடிக்குதுன்னு சொர்ணா மூஞ்ச சுளிக்கிறா.

இந்தத் தெருவுல வூடு வாங்க வேணாம்னு சொன்னவ நானு. பெண்ணாடத்துல எங்கப்பா வூட்டுக்குப் பக்கத்துலயே பாக்கலாம்னேன். வாசல்லயே கெணறு இருக்குது, தண்ணிக்குக் கவலையில்லன்னு சொன்னது நீங்க. வாங்கிக் கொடுத்துட்டு அவ்வளவு தூரத்துல போயி ஒக்காந்துகிட்டு, இப்ப கவர்ல பயத்த மடிச்சு அனுப்புறீங்க. சரி, கோவத்துக்கு எழுதல. இதையும் எழுதாம இருக்க முடியல.

தனியாப் போகக் கூச்சமா இருந்துது. எதிர்வூட்டு வீரம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். பீங்கான் சூளையில நெருப்புப் போடுற பக்கிரி அண்ணன் சம்சாரம், உங்களுக்குத்தான் தெரியுமே, வாய் ஓயாது. முப்பது வூடு சொச்சம் ஏறி எறங்கினோம். வேலையில கை வைக்க ஒரு தொகை, அப்புறம் மாசம் ஒரு ரூவான்னு கேட்டோம்.

மொத வூட்டுலயே, "குடிக்கிற தண்ணிக்கா காசு? பூமாதேவி கொடுக்குறா, நாங்க எறைச்சிக் குடிக்கிறோம். நடுவுல பில்லு போட நீ யாரு?"ன்னாங்க.

இன்னொருத்தர், வரி கட்டுறமே, பஞ்சாயத்துக்காரங்களக் கேளுன்னாரு. அங்கயும் போனேன். அந்தக் கெணறு தெருக்காரங்க முன்னாடி பொதுவுல வெட்டினது, எங்க கணக்குல வராது, பைப்புத் திட்டம் வரும்போது தெருமுனையில கொழா வைப்போம்னாங்க. எப்ப வரும்னேன். வரும்மான்னாங்க.

ஒரு பொம்பள சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. "சீக்கு வந்தா தாலிய வித்தாவது செலவு பண்ணுவோம். வராத சீக்குக்கு எவ தருவா?"

இல்லேன்னு சொன்னவங்க கம்மிதான். எல்லாரும் கொடுக்கட்டும், நானும் கொடுக்குறேன்னாங்க பாருங்க, அவங்கதான் ஜாஸ்தி. தெருவுல அத்தினி பேரும் கடைசி ஆளா இருக்கணும்னு நிக்கிறாங்க.

தங்கதுரை அண்ணன் ஒக்கார வச்சுப் பேசினாரு. பீங்கான் ஜாடி விக்கிற ஏஜென்டு வேலையில நாலு ஊரு பாத்தவரு இல்லியா, சிரிச்சிக்கிட்டே பேசுவாரு. "ஏம்மா, மெட்ராசுலேருந்து பொண்ணு பாக்க வந்தவங்க மொதல்ல கேட்டதே வூட்டுல கக்கூசு இருக்குதான்னுதான். அதுக்காகத்தான் கட்டினேன். கார்த்திகையில கனகாவுக்குக் கல்யாணம். இப்பப் போயி இடிக்கச் சொல்றியா? குண்டுக்குப் பயப்படாத மனுசன் தண்ணிக்குப் பயப்படறாரே!" அவரு சம்சாரம் ராஜம்மா அக்கா உள்ளயிருந்து எட்டிப் பாத்துட்டு, காப்பிகூடக் கொடுக்காம போயிட்டாங்க.

வரும்போது வீரம்மா, "வுடுக்கா, நம்ம ரெண்டு வூட்டுக் காசுல ஒரு வாளி சிமெண்டாவது வரும்"னா. சிரிச்சோம். வூட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரல.

அம்சவல்லி

56 ஏ.பி.ஓ.
22-7-1971

அம்சா,

உன் கடுதாசியை ரெண்டு தரம் படித்தேன். தங்கதுரை சொன்னதில் தப்பில்லை. குண்டு வந்தால் சத்தம் கேட்கும். தண்ணீர் வருவது யாருக்கும் தெரியாது.

ஒரு வழி தோன்றுகிறது. ஆடி மாசம். மாரியம்மன் திருவிழாவுக்கென்றால் கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். கிணற்றடியில் அம்மனுக்கு ஏதோ செய்கிறோம் என்று சொல்லி வசூல் பண்ணு. வேலை முடிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? என் பங்காக மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று கவனமாகக் கேள். இங்கே ஊசி வழியாக ஏற்றுகிற பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது. ஒரு டாக்டர் சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் கலந்து ட்ரம்மில் வைத்துவிட்டார். பேதி போகிறவர்களுக்கு அவர்கள் வீட்டு ஆட்களையே விட்டு, டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொல்கிறார். வாந்தி எடுத்தாலும் நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக. பேதிக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்றுதானே நம் பக்கம் சொல்வார்கள்? இங்கே தண்ணீர் குடித்தவர்கள்தான் எழுந்து உட்கார்கிறார்கள். தூக்கிக்கொண்டு வந்த பையன் என் டேங்கரிடம் நடந்து வந்ததைப் பார்த்தேன். காய்ச்சின தண்ணீர், ஒரு கை சர்க்கரை, மூன்று விரல் அள்ளுகிற உப்பு. மறக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் கொடுத்துக்கொண்டே போகவேண்டும்.

இதெல்லாம் வேண்டியிராது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

தேவநாதன்

விருத்தாசலம்
14-8-1971

சொர்ணா அப்பாவுக்கு,

மணியார்டர் வந்துது. அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொல்ல என்னால ஆவாது. நாளைக்கு யாருக்காவது அம்மை போட்டுதுன்னா ஊரு கேக்குறதுக்கு முன்னாடி என் மனசே என்னைக் கேக்கும்.

அதுக்குப் பதிலா வேற ஒண்ணு பண்ணினேன். சரியா தப்பான்னு இப்பத் தெரியல. காலையில தண்ணி எறைக்கப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் நிக்கிற நேரத்துல, உங்க மொதக் கடுதாசிய எடுத்துப் போயி சத்தமாப் படிச்சிட்டேன். அந்தப் பித்தளைக் கொடம், அந்தக் கொழந்தை, எல்லாம். படிச்சு முடிச்சப்போ ராட்டினம்கூட நின்னு போச்சு. சூளைக்கார வூட்டுப் பொண்ணு ஒருத்தி இடுப்புல இருந்த கொடத்த அப்படியே கவுத்துட்டா. மத்தியானத்துக்குள்ள பதினஞ்சு வூட்டுக்கு மேல காசு வந்துடுச்சு. முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து கொடுத்தாங்க. வேணாம் வேணாம்னவங்கதான்.

சாயந்திரம் ஆம்பளைங்க வந்தாங்க.

"எங்க பொம்பளைங்களப் பயமுறுத்திக் காசு புடுங்குறியா?"ன்னு ஒருத்தர். "மிலிட்டரிக்காரன் பொண்டாட்டின்னா தெருவுக்கே கலெக்டரா?"ன்னு இன்னொருத்தர். அவங்க வூட்டுக் காசத் திருப்பிக் கொடுத்துட்டேன். அதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. கடைத்தெருவுல நம்ம தெருவுக்குக் காலரா தெருன்னு பேரு வச்சிட்டாங்க. பால்காரரு தெருமுனையோட நின்னுக்கிறாரு. அந்தப் பேச்சு மெட்ராசு வரைக்கும் போயி, மாப்பிள்ளை வூட்டுல என்ன சேதின்னு கேட்டு எழுதியிருக்காங்களாம்.

ராஜம்மா அக்கா நம்ம வாசல்ல வந்து நின்னு, "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி"ன்னு கத்தினாங்க. தெருவே வேடிக்கை பாத்துது. மறுநாள் மணவாளநல்லூருக்குப் போயி கொளஞ்சியப்பர் கோயில்ல என் மேல பிராது எழுதிக் கட்டிட்டு வந்துட்டாங்க.

உங்களுக்குத் தெரியும், அந்தச் சாமிகிட்ட எழுதிக் கட்டின எதுவும் சும்மா போனதில்ல. திருட்டுப் போன மாடு திரும்பி வந்திருக்குது, பொய் சொன்னவன் கை வெளங்காமப் போயிருக்குது. அங்க வேலுல என் பேரு எழுதித் தொங்குது. சோறு வடிக்கும்போது கஞ்சி கையில தெறிச்சாக்கூட அதுதானோன்னு தோணுது. எதுக்குப் பயப்படறதுன்னே தெரியல. கெணத்துக்கா, ஜனங்களுக்கா, சாமிக்கா?

நீங்க அனுப்பின பயந்தான் இது. நான் தெருவுக்கே பங்கு போட்டுக் கொடுத்துட்டேன்.

அம்சவல்லி

56 ஏ.பி.ஓ.
30-8-1971

அம்சா,

போதும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கிரியிடம் கொடுத்துவிட்டு, சொர்ணாவைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடத்துக்கு உன் அப்பா வீட்டுக்குப் போ. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். கிணறு எப்படியாவது போகட்டும். நான் எழுதியிருக்கவே கூடாது. எங்கேயோ இருந்துகொண்டு உன்னைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

பிராதுக்குப் பயப்படாதே. நீ யாருக்கும் கெடுதல் பண்ணவில்லை, அது சாமிக்குத் தெரியும். இப்படி எழுதுகிறேனே தவிர, நானும் இங்கே ஒரு சின்னக் கோயிலைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் எழுது.

தேவநாதன்

விருத்தாசலம்
27-9-1971

சொர்ணா அப்பாவுக்கு,

நான் போவல. கோவிச்சிக்காதீங்க. பெட்டியெல்லாம் கட்டிட்டேன். வீரம்மா வந்து பெட்டி மேல ஒக்காந்துகிட்டா. "போக்கா, போ. உனக்கு அப்பன் வூடு இருக்குது. எங்களுக்கு இந்தக் கெணறுதான் இருக்குது"ன்னா. திட்டல, சாதாரணமாத்தான் சொன்னா. அதுக்கு மேல எப்படிப் போறது?

வேலை ஆரம்பிச்சிட்டோம். பக்கிரி அண்ணன் மொதலாளிகிட்டக் கேட்டு, சூளையில விரிசல் விட்டுத் தள்ளிப் போட்ட பீங்கான் கொழாய்ங்கள வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாரு. சூளைக்காரங்க நாலஞ்சு பேரு ஞாயித்துக்கெழம வந்து கால்வா தோண்டி அந்தக் கொழாயப் பதிச்சாங்க. காசு கேட்டப்ப மொறைச்சவங்க அவங்க. "காசுன்னா வூட்டுல அரிசி கொறையும். ஒடம்புதானே, வளைஞ்சிட்டுப் போவுது"ன்னாரு ஒருத்தர்.

உங்க மணியார்டரும் மிச்சமிருந்த காசும் சிமெண்டுக்குப் பத்தல. அப்பத்தான் கனகா வந்துச்சு, தங்கதுரை அண்ணன் பொண்ணு. ஒரு கவர நீட்டிச்சு. எங்க எல்லார் வூட்டுக் காசையும் விட ஜாஸ்தி. "அப்பா கொடுக்கச் சொன்னாரு. செவுரு எழுப்பிக்கச் சொன்னாரு. குழியப் பத்தி மட்டும் பேச வேணாம்னாரு"ன்னு தலை குனிஞ்சிக்கிட்டே சொல்லுது. வாங்காதக்கான்னா வீரம்மா. நான் வாங்கிட்டேன். வேற யாரு தருவா?

செவுரு இடுப்பு ஒசரத்துக்கு வந்துடுச்சு. சுத்தித் தளம் போட்டு, வெள்ளையும் அடிச்சாச்சு. மெட்ராசுக்காரங்க ஒரு தரம் வந்து பாத்துட்டு, ஊரு சுத்தமாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். கல்யாணம் நிச்சயந்தான். இனிமே யாரும் காலரா தெருங்குறதில்ல. தண்ணி காய்ச்சினவங்களும் விட்டுட்டாங்க. எதுக்குக் காய்ச்சணும், அதான் கட்டியாச்சேங்குறாங்க. மாசம் ஒரு ரூவான்னு வாயெடுத்தா, இன்னுமான்னு கேக்குறாங்க. மூடி போடல, மருந்து வாங்கல, குழி அப்படியே இருக்குது.

கெணறு இப்பப் பாக்க அழகா இருக்குது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்குது.

அம்சவல்லி

ஆஸ்பத்திரியிலிருந்து
9-11-1971

சொர்ணா அப்பா,

மழை விடாம ஊத்துச்சு. மணிமுத்தாறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுது. தங்கதுரை அண்ணன் வூட்டுக் குழி ரொம்பி வழிஞ்சுது. நான் கண்ணாலப் பாத்தேன். மேல வழிஞ்சது கால்வாயில போச்சு. கீழ போனத யாரு பாத்தா?

நேத்துலேருந்து சொர்ணாவுக்குப் போவுது. வெள்ளையா, கஞ்சித் தண்ணி மாதிரி. நான் காய்ச்சித்தான் கொடுத்தேன். வெளையாடப் போன எடத்துல குடிச்சிருக்கா. தெருவுல இன்னும் சில பேருக்கும் கண்டிருக்குது. வீரம்மாவுக்கும்.

நீங்க எழுதினத நெனப்பு வச்சு, சர்க்கரையும் உப்பும் கலந்து மாட்டுவண்டியில வர்ற வழியெல்லாம் கரண்டி கரண்டியா ஊட்டிக்கிட்டே வந்தேன். கூட வந்த கெழவி, தண்ணி கொடுத்துக் கொல்லப் போறியாடின்னு டம்ளரத் தட்டி வுட்டுச்சு. மறுபடி கலந்தேன். கண்ணு உள்ள போயிடுச்சு. அழக்கூட மாட்டேங்குறா. அழுதாத் தேவல.

அந்தப் பிராது ஞாபகமாவே இருக்குது. என் மேலதானே கட்டினாங்க, கொழந்தை மேல ஏன்

நர்சம்மா கூப்புடறாங்க.

56 ஏ.பி.ஓ.
20-11-1971

அம்சா,

உன் கடுதாசி இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. இதற்குள் எதுவாக இருந்தாலும் நடந்து முடிந்திருக்கும். எது என்று எனக்குத் தெரியவில்லை.

லீவு கேட்டேன். எல்லாருடைய லீவையும் ரத்து பண்ணிவிட்டார்கள். சுபேதார் சாப் நல்ல மனிதர், தோளில் கை வைத்தார், அவரால் அவ்வளவுதான் முடியும். தந்தி கொடுத்திருக்கிறேன். கொடுத்துக்கொண்டே இரு. அவள் துப்பினாலும் கொடு. இந்தக் கடுதாசி வந்து சேருவதற்குள் இதற்கெல்லாம் அர்த்தமே இருக்காது. ஆனாலும் எழுதாமல் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உயிரோடிருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுது. இல்லையென்றாலும் எழுது.

தேவநாதன்

56 ஏ.பி.ஓ.
2-12-1971

அம்சா,

தந்திக்குப் பதில் இல்லை. வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. உன் அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் கிளம்புகிறோம். எங்கே என்று சொல்லமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். இனிமேல் தபால் எப்போது வரும் என்று நிச்சயமில்லை. மற்றவர்கள் வீட்டுக்குத் தைரியம் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எழுத வரவில்லை. போகிற இடத்தைப் பற்றிப் பயமே இல்லை. பயம் முழுக்க அங்கே இருக்கிறது.

தேவநாதன்

விருத்தாசலம்
15-12-1971

சொர்ணா அப்பாவுக்கு,

சொர்ணா இருக்கா. மொதல்ல இத எழுதிட்டேன். எலும்பும் தோலுமா இருக்கா, ஆனா இருக்கா. நேத்து முறுக்கு கேட்டு அழுதா. அவ அழுவுறதக் கேட்டுக்கிட்டு நான் சும்மா ஒக்காந்திருந்தேன்.

இத்தினி நாளு எழுத முடியாம போனதுக்குக் காரணம், அவ தேறின அன்னைக்கே எனக்குக் கண்டுடுச்சு. எனக்கு நெனப்பே இல்ல. கண்ணத் தொறந்தப்ப ராஜம்மா அக்கா பக்கத்துல டம்ளரோட ஒக்காந்திருக்காங்க. கனவுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்ப நான் சொர்ணாவுக்குச் செய்யுறதப் பாத்துட்டு, அதே மாதிரி கலந்து எனக்கு ஊட்டியிருக்காங்க. சொர்ணாவையும் அவங்கதான் வச்சிருந்தாங்க.

"கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன். பிராத வாபஸ் வாங்கிட்டேன்"ன்னாங்க. அப்புறம் என் காலப் புடிச்சிக்கிட்டாங்க. "நான் கேட்டது இது இல்ல அம்சா. உன் வாய அடைக்கணும்னுதான் எழுதினேன். சத்தியமா இத கேக்கல." அதுவரைக்கும் நான்தான் பயந்துகிட்டிருக்கேன்னு நெனச்சேன். என்னை விட அவங்க பயந்திருக்காங்க. சாமி இல்லக்கா, குழின்னேன். அவங்க எழுந்து வூட்டுக்குப் போனாங்க. தங்கதுரை அண்ணன் மழையில நனைஞ்சிக்கிட்டே, ஆள் வைக்காம, அவரே கடப்பாரையால கக்கூச இடிச்சாராம். மருந்து போடுறவங்க வந்து கெணத்துக்குப் பொடி கொட்டி, கொஞ்ச நாளைக்குத் தண்ணி எறைக்கக் கூடாதுன்னு முள்ளு வெட்டிப் போட்டுட்டுப் போனாங்க. இப்ப மூடியும் போட்டாச்சு. அத்தினி வூட்டுலயும் காசு கொடுத்தாங்க. கேக்காமயே கொடுத்தாங்க.

வீரம்மா போயிட்டா.

ஆஸ்பத்திரிக்கு அவளக் கொண்டாரல. நாங்க போனதுக்கப்புறம் வண்டி கெடைக்கல, ரோட்டுல தண்ணி கழுத்தளவு ஓடுதுன்னு வூட்டுலயே வச்சிருந்தாங்க. பேதிக்குத் தண்ணி ஆவாதுன்னு பெரியவங்க சொன்னத நம்பி, பக்கிரி அண்ணன் ஒரு சொட்டு கொடுக்கல. கடைசி வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டாளாம். "அவ பொழைக்கணும்னுதான் கொடுக்காம இருந்தேன் அம்சா. கொடத்தத் தூக்கிக் கொல்லையில வச்சிட்டேன்"னு சொல்லிட்டு அவரு என் மூஞ்சியப் பாத்தாரு.

உங்க மொதக் கடுதாசிய ஊருக்கே படிச்சேன். ரெண்டாவதப் படிக்கல. பயப்பட வச்சா காசு வரும்னு, பயம் இருந்த கடுதாசிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன். பொழைக்கிற வழி இருந்தது என் பொட்டியில கெடந்துது. இத நீங்க யாருக்கும் சொல்லாதீங்க. நானும் அவருகிட்டச் சொல்லல.

ரேடியோவுல சண்டைன்னு சொல்றாங்க. தங்கதுரை அண்ணன் வூட்டு வாசல்ல நின்னு கேக்குறேன். ஒரு வரி எழுதுங்க.

அம்சவல்லி

56 ஏ.பி.ஓ.
29-12-1971

அம்சா,

உயிரோடு இருக்கிறேன். கையில் சின்னக் காயம், ஆறிவிட்டது. சண்டை நின்றுவிட்டது.

உன் கடுதாசியைச் சுபேதார் சாப் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியைப் படித்துவிட்டு வண்டிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். மிச்சத்தைப் படிக்கவே நேரமாகிவிட்டது.

வீரம்மா போனது உன்னால் இல்லை. நீ இரண்டாவது கடுதாசியைப் படித்திருந்தாலும் பக்கிரி அதை நம்பியிருப்பாரா என்று தெரியாது. நம்பியிருக்கலாம். பொய்யாக ஆறுதல் சொல்ல வரவில்லை எனக்கு. அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது நீ எடுக்கவேண்டிய முடிவு. ஆனால் அந்தச் சர்க்கரை உப்பு விஷயத்தை மட்டும் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக் கொடு. பயமுறுத்தாமல் சொல்.

லீவு கிடைத்ததும் வருகிறேன். இனி கிணற்றுக்குக் கவலை இருக்காது. இவ்வளவு பட்டபிறகு யார் கொடுக்க மாட்டேன் என்பார்கள்?

தேவநாதன்

விருத்தாசலம்
5-4-1972

சொர்ணா அப்பாவுக்கு,

யாரு கொடுக்க மாட்டேன்பாங்கன்னு கேட்டிருந்தீங்க. தை மாசம் வரைக்கும் கொடுத்தாங்க. மாசியில பாதிப் பேரு. பங்குனியில ராஜம்மா அக்காவும் நானும் மட்டும். கனகா கல்யாணம் தள்ளிப் போயி தையில மெட்ராசுலயே முடிஞ்சுது, அப்புறம் தங்கதுரை அண்ணனும், "குழியத்தான் மூடிட்டேனே, இனிமே எதுக்கும்மா?"ன்னாரு. ராஜம்மா அக்கா அவருக்குத் தெரியாம கொடுக்குறாங்க. வெயில் காலம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது. மறுபடி ஒருத்தி, "குடிக்கிற தண்ணிக்கா காசு?"ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டா. அவ மாமியார் அந்த மழையில பேதி கண்டு செத்தவங்கதான். பழைய கடுதாசிய எடுத்துப் படிக்கலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. வேணாம்னு விட்டுட்டேன். பயத்துல கொடுத்தது பயம் போனா நின்னு போவுது.

சர்க்கரை உப்பு கலக்குறது எல்லா வூட்டுக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன். அதுக்குக் காசு இல்ல, அதனால கேட்டுக்கிறாங்க.

பக்கிரி அண்ணன் மாசியிலயே வூட்டக் காலி பண்ணிக்கிட்டு நல்லூருல தங்கச்சி வூட்டோட போயிட்டாரு. சூளை வேலையும் வேணாம்னுட்டாரு. அவர இனிமே பாக்க மாட்டோம்னு நெனச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில பஸ்ஸுல வந்து எறங்கி, நம்ம வாசல்ல நின்னு ஒரு ரூவாய நீட்டினாரு. எதுக்குண்ணான்னேன். கெணத்துக்குன்னாரு. "உங்களுக்குத்தான் இங்க வூடே இல்லியே. நீங்க இந்தத் தண்ணி குடிக்கிறதும் இல்லியே"ன்னேன்.

ரூவாய என் கையில வச்சாரு.

"அவ கேட்டப்ப கொடுக்கல. வேற யாராவது குடிக்கட்டும்."

அப்பத்தான் சொல்லிட்டேன். ரெண்டாவது கடுதாசி பத்தி. என்னால அடக்க முடியல. நின்னுக்கிட்டே கேட்டாரு. திட்டுவாரு, காச எடுத்துக்கிட்டுப் போயிடுவாருன்னு பாத்தேன். அவரு தெருவத் திரும்பிப் பாத்தாரு. ஒரு பொண்ணு கெணத்துல தண்ணி எறைச்சிக்கிட்டிருந்துது. "மூடிய யாரு தொறந்து போட்டுட்டுப் போனது?"ன்னாரு. போயி, அது எறைச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு, மூடிய இழுத்து மூடிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்னு போயிட்டாரு.

அந்த ரூவா என் கையிலயே இருந்துது. சாயந்திரம் பைய எடுத்துக்கிட்டு மொத வூட்டுக்குப் போயி நின்னேன். எதையும் சொல்லிப் பயமுறுத்தல. பக்கிரி அண்ணன் கொடுத்துட்டுப் போனாருன்னு மட்டும் சொன்னேன். அந்தம்மா கதவுல சாஞ்சிக்கிட்டு ரொம்ப நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் உள்ள போனாங்க. காச எடுக்கப் போனாங்களா, கதவச் சாத்தப் போனாங்களான்னு தெரியாம வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன்.

எடுத்துக்கிட்டு வந்தாங்க. இன்னும் முப்பது வூடு இருக்குது. நாளைக்கும் போவணும்.

அம்சவல்லி